கோர்ட்டு விட்ட கடன்

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நாலைந்து பேர் அமர்ந்திருந்தார்கள். நாமும் அங்கே இருந்தோம். ஜவுளிக்கடை வைத்து நொடித்துப் போன ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்குக் கைமாற்றாக நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்திருந்த பெரியவர் ஒருவரும் அங்கு இருந்தார். மகளின் நிக்காஹுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

இளைஞர் ஒருவர் சொன்னார்: "மாமு, அவருதான் மஞ்சள் கடுதாசி கொடுத்து கோர்ட்டுல விடுதலை வாங்கிட்டாரே. இனிமே அவரைக் கேட்கிறதுக்கு உங்களுக்கு என்ன பாத்தியதை இருக்கு?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கோர்ட்டு விட்டிருச்சு தம்பி. நான் விடலையே! அல்லாஹ் விட்டானாங்கிறதுதான் எனக்குத் தெரியலே" என்றார்.

அதற்கு அங்கிருந்த எவராலும் பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் தெரிந்தவருக்கு மார்க்கம் தெரியவில்லை; மார்க்கம் தெரிந்தவருக்குச் சட்டத்தின் சொற்கள் தெரியவில்லை. மஞ்சள் கடுதாசி, ஐ.பி., ரிசீவர், டிஸ்சார்ஜ் என்ற சொற்களெல்லாம் நம் வீடுகளில் பழகிய சொற்கள்தாம். ஆனால் அவற்றின் பொருள் என்ன, எல்லை என்ன என்று நம்மில் பலர் விசாரித்ததில்லை. பெரியவரின் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் முதலில் இந்தச் சொற்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே சட்டத்தின் சொல்லையும் ஷரீஅத்தின் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஏழையும் திவாலானவரும்

திவால் என்பது வறுமை அல்ல. கையில் ஒரு காசும் இல்லாத ஒருவருக்குக் கடனும் இல்லையென்றால் அவர் ஏழை, திவாலானவர் அல்லர். மாறாக, பெரிய வீடும் வண்டியும் வைத்திருப்பவரின் கடன், அவருடைய சொத்தையெல்லாம் விற்றாலும் அடையாது என்றால், ஊர் அவரைச் செல்வர் என்று சொன்னாலும் அவர் திவாலின் வாசலில் நிற்பவரே. கொடுக்க வேண்டிய கடனைக் கொடுக்க இயலாத நிலைதான் திவால். நம் ஃபிக்ஹு நூல்கள் இவரை 'முஃப்லிஸ்' என்று அழைக்கின்றன. கடன் கொடுத்தவருக்கு 'கரீம்' என்று பெயர்.

மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவரிடம் பணம் இருக்கிறது, கொடுக்க மனமில்லை. இன்று வா, நாளை வா என்று இழுத்தடிக்கிறார். இவர் ஏழையுமல்லர், திவாலானவருமல்லர். வசதியுள்ளவர் கடனைத் தாமதிப்பது அநீதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துரைத்தது இவரைத்தான். இந்த மூவரையும் ஒரே தராசில் வைத்து எடை போடுவதுதான் நாம் செய்கிற முதல் தவறு. இயலாதவரைத் திட்டுகிறோம், இயன்றும் கொடுக்காதவருக்குச் சபையில் முன்வரிசை கொடுக்கிறோம்.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் திவாலுக்கென்று இரண்டு பழைய சட்டங்கள் உண்டு. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று மாநகரங்களுக்கும் 1909-ஆம் ஆண்டின் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது, அதில் பணம் போட்டிருந்த குடும்பங்கள் பல நடுத்தெருவுக்கு வந்தன. அதன் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் 1907-இல் கடுங்காவல் தண்டனை பெற்றார். 1909-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது அந்தக் காயம் சென்னையில் ஆறியிருக்கவில்லை.

2016-இல் நொடிப்பு, திவால் ஆகியவற்றுக்கு ஒரே தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. கம்பெனிகளின் விவகாரம் அதன் கீழ் வந்துவிட்டது. கம்பெனிகளின் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்கள் 2019 டிசம்பர் முதல் அதன் கீழ் வந்தார்கள். ஆயினும் சாதாரணக் கடைக்காரர், கைத்தொழில் செய்பவர், குடும்பஸ்தர் ஆகியோரின் திவாலுக்கு அந்தப் பழைய சட்டங்களின் சொற்களே இன்னும் பேசுகின்றன. எனவே 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாம் எடுத்துக்கொள்வோம்.

திவால் செயல்கள்

கடன் தீர்க்க முடியாதவர் தாமே நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கலாம். இதைத்தான் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்கிறோம். கடன் கொடுத்தவரும் மனுக் கொடுக்கலாம். அப்படி அவர் கொடுப்பதற்குக் கடனாளி ஏதேனும் ஒரு 'திவால் செயல்' செய்திருக்க வேண்டும். செய்து மூன்று மாதத்துக்குள் மனு வர வேண்டும். எவையெவை திவால் செயல்கள்? கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தைக் கைமாற்றுவது. நாட்டை விட்டுப் போவது. வீட்டை விட்டு மறைவது. கடன்காரர் காண முடியாதபடி ஒளிந்திருப்பது. இனிக் கொடுக்க முடியாது என்று அறிவிப்பது. டிக்ரி நிறைவேற்றத்தில் சொத்து ஏலம் போவது முதலியன.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது நமக்கு ஒரு நபிமொழி நினைவுக்கு வருகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனை விட்டு அடிக்கடி பாதுகாவல் தேடினார்கள். காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கிறான், வாக்களித்தால் மாறுகிறான் என்ற கருத்தில் விடையளித்தார்கள் (புகாரி). கடன் பணத்தை மட்டும் தின்பதில்லை, நாக்கையும் தின்கிறது. வாசலில் ஆள் வந்து கூப்பிடும்போது, "அத்தா ஊரில் இல்லையென்று சொல்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறோமே, அங்கேயே வீட்டில் ஒரு திவால் நடந்துவிடுகிறது. சட்டம் அதைச் சாட்சியாக எழுதிக்கொள்கிறது. பிள்ளையோ அதைப் பாடமாக எழுதிக்கொள்கிறது.

ரிசீவரும் ஹஜ்ரும்

விசாரணைக்குப் பின், 'இவர் திவாலானவர்' என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது. அந்த நிமிடத்திலிருந்து அவருடைய சொத்து அவர் கையில் இல்லை. நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவரின் பொறுப்புக்குப் போய்விடுகிறது. சென்னை போன்ற மாநகரங்களில் இந்த அதிகாரிக்கு 'அபிஷியல் அசைனி' என்று பெயர். அவர் சொத்தைத் திரட்டி, விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுகிறார். உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று சட்டம் விலக்கியிருக்கிறது.

ஷரீஅத்தில் இதற்கு 'ஹஜ்ரு' என்று பெயர். கொடுக்கல் வாங்கலைத் தடுத்து வைத்தல் என்பது பொருள். முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள் தாராள மனத்தால் கடனில் மூழ்கியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அவருடைய சொத்தின் மீது தடை விதித்து, அதை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்தார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. உமர் (ரலி) அவர்களின் காலத்தில், ஹாஜிகளை முந்திக்கொண்டு போக வேண்டுமென்று விலையுயர்ந்த ஒட்டகங்களைக் கடனுக்கு வாங்கிச் சீரழிந்தார் ஜுஹைனா குலத்தவர் ஒருவர். அமீருல் முஃமினீன் அவர்கள் மக்கள் முன் எழுந்து, அவர் மீது கடன் பாத்தியதை உள்ளவர்களெல்லாம் காலையில் வரட்டும், அவருடைய பொருளைப் பங்கிடுவோம் என்று அறிவித்ததை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம் முவத்தாவில் பதிந்திருக்கிறார்கள். பகிரங்க அறிவிப்பு, கடன்காரர்களைக் கூட்டுதல், விகிதப்படி பங்கிடுதல் என்று இன்றைய கோர்ட்டில் நடப்பதன் சாரம் அதில் இருக்கிறது.

இமாம்களிடையே இதில் கருத்து வேறுபாடும் உண்டு. புத்தி தெளிவுள்ள ஒருவரின் கையைக் கட்டி அவர் சொத்தைப் பிறர் விற்பதை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை. அவரே விற்றுக் கொடுக்கும்வரை காவலில் வைக்கலாம் என்றார்கள். அவர்களுடைய மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், காழி விற்கலாம் என்றார்கள். மனிதனின் சுதந்திரம் பெரிதா, கடன் கொடுத்தவனின் உரிமை பெரிதா என்ற கேள்வியை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாக எடை போட்டிருக்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

யாருக்கு முதலில்?

'ஈட்டுக் கடன்' என்றால் ஒரு பொருளை அடமானமாக வைத்து வாங்கிய கடன், ஷரீஅத்தில் 'ரஹ்னு'. அடமானம் பிடித்தவருக்கு அந்தப் பொருளின் மீது முதல் உரிமை உண்டு. இரண்டு முறைகளும் இதில் ஒன்றுபடுகின்றன. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்தபோது, அவர்களுடைய கவசம் வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடமானத்தில் இருந்தது. கடன் கொடுத்தவர் எந்த மதத்தவராயினும் அவருடைய உரிமை உரிமையே என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? "அந்நியர் பணம்தானே" என்று சொல்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

ஈடில்லாத மற்றக் கடன்காரர்கள் அனைவரும் சமம். ஒருவருக்கு லட்சமும் இன்னொருவருக்குப் பத்தாயிரமும் பாக்கி என்றால், கிடைத்த தொகையை அந்த விகிதப்படி பங்கிட வேண்டும். இவர்களுக்கு முன்பாகச் சர்க்காரின் பாக்கியும், வேலையாட்களின் நான்கு மாதச் சம்பளமும் கொடுக்கப்பட வேண்டும். ஆனால் 1920-இல் எழுதிய சட்டம், அந்தச் சம்பளத்துக்கு இருபது ரூபாய் என்று வரம்பு கட்டியது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி ஏவப்பட்ட சமுதாயத்துக்கு இருபது ரூபாய் ஒரு வரம்பாகுமா? கடையை மூடும்போது, கணக்குப்பிள்ளைக்கும் பெட்டி தூக்கிய பையனுக்கும் கொடுத்துவிட்டு மூடுவதைச் சட்டம் கேட்காவிட்டாலும் மனசாட்சி கேட்கும்.

மனைவி பேரில் எழுதிய வீடு

இனி நாம் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும்.

வியாபாரம் சரியப் போகிறதென்று தெரிந்ததும் முதலில் நடப்பது என்ன? வீடு மனைவி பேருக்கு மாறுகிறது. தோட்டம் மைத்துனர் பேருக்குப் போகிறது. நெருங்கிய சொந்தக்காரரின் கடன் மட்டும் இரவோடிரவாகத் தீர்க்கப்படுகிறது. எஞ்சியது வெறும் அலமாரியும் பேரேடும். அதன் பிறகே மஞ்சள் கடுதாசி.

சட்டம் இதை அறியாமல் இல்லை. மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள், நியாயமான விலையின்றிச் செய்த கைமாற்றத்தை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். மூன்று மாதத்துக்குள், ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டும் எண்ணத்தோடு கொடுத்ததையும் செல்லாததாக்கலாம். இதற்கு 'மோசடிச் சலுகை' என்பது சட்டத்தின் பெயர்.

"மஹருக்குப் பதிலாக மனைவிக்கு எழுதி வைத்தேன், அதுவும் கடன்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், மஹர் கடன்தான். கணவரின் பொறுப்பில் உள்ள உண்மையான கடன். திவாலில் மனைவியும் ஒரு கடன்காரராக நிற்கும் தகுதி உடையவர். ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். இருபது வருஷமாக நினைவுக்கு வராத மஹர், கடன்காரர் வாசலுக்கு வந்த வாரத்தில் ஏன் நினைவுக்கு வந்தது? நிக்காஹில் பேசிய மஹர் எவ்வளவு, எழுதிய வீட்டின் மதிப்பு எவ்வளவு? எழுதிய பிறகு அந்த வீடு உண்மையிலேயே அவளுடையதா, அல்லது அவள் கையெழுத்து மட்டும்தான் அவளுடையதா? இக்கேள்விகளுக்கு நாணயமாகப் பதில் சொல்ல முடிந்தால் அது மஹர். முடியாவிட்டால் அது பிறர் பணத்தை மறைத்த மறைவிடம். மார்க்கத்தின் ஒரு கடமையை இன்னொரு கடமைக்கு எதிராகக் கேடயமாகப் பிடிப்பது மார்க்கப்பற்று ஆகாது.

சட்டத்துக்கு இரண்டு வருஷம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு ஒரு நாள் முன்னதாக எழுதியிருந்தால் கோர்ட்டு தொடாது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் உண்டு. நிய்யத்தைப் பார்க்கும் ரப்புக்குத் தேதி முத்திரை தேவையில்லை.

சமரச ஏற்பாடு

கடனாளி, "என்னிடம் உள்ளது இவ்வளவுதான், ரூபாய்க்கு எட்டணா வீதம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்டு, கடன்காரர்கள் ஒப்புக்கொள்வது சமரச ஏற்பாடு. சட்டப்படி, எண்ணிக்கையில் பாதிக்கு மேலும், கடன் தொகையில் முக்கால் பங்கும் உள்ளவர்கள் ஒப்பி, நீதிமன்றமும் ஏற்றால், அது எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

இதற்கு அழகிய முன்மாதிரி உண்டு. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் ஒருவரிடம் கடனைக் கேட்டுக் குரல் உயர்த்தினார்கள். சத்தம் கேட்டு வீட்டின் திரையை விலக்கிய நாயகம் (ஸல்) அவர்கள், பாதியைத் தள்ளிவிடும்படி கையால் சைகை காட்டினார்கள். கஅப் (ரலி) உடனே இசைந்தார்கள். அடுத்த கணம் கடனாளியின் பக்கம் திரும்பி, எழுந்து மீதியைக் கொடுத்துவிடும்படி உத்தரவு பிறந்தது. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தல், மற்றவருக்கு உடனே கொடுத்தல். இரண்டும் சேர்ந்ததுதான் சமரசம்.

மனம் ஒப்பி விட்டுக்கொடுத்த பாதி மறுமையிலும் தீர்ந்த பாதியே. ஆனால் பெரும்பான்மையால் கட்டுப்படுத்தப்பட்டு, கூட்டத்தில் வாய் திறக்க முடியாமல் திரும்பிப் போன விதவையின் பாதி? "வருவது வரட்டும், கிடைத்தவரை லாபம்" என்று சலித்துக் கையெழுத்துப் போட்டவரின் பாதி? இவை கோர்ட்டில் தீர்ந்திருக்கலாம். மன்னிப்பு என்று இவற்றுக்குப் பெயரிட முடியாது. சலிப்பு வேறு, மன்னிப்பு வேறு.

விடுதலை

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறோம்.

'டிஸ்சார்ஜ்' என்பது விடுதலை உத்தரவு. திவாலானவர் நீதிமன்றம் குறித்த தவணைக்குள் விடுதலைக்கு மனுக் கொடுக்க வேண்டும். அவருடைய நடத்தை, கணக்குப் புத்தகங்கள், ரிசீவரின் அறிக்கை ஆகியவற்றைப் பார்த்து நீதிமன்றம் விடுவிக்கலாம், மறுக்கலாம், நிபந்தனையும் போடலாம். விடுதலை கிடைக்காதவரை அவர் சட்டமன்றத்திலோ பாராளுமன்றத்திலோ உறுப்பினராக முடியாது. தம் நிலையைச் சொல்லாமல் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் சிறைத் தண்டனையும் உண்டு. விடுதலை கிடைத்தபின், பழைய கடனுக்காக யாரும் அவர் மீது வழக்குத் தொடர முடியாது.

ஆனால் கவனியுங்கள், சட்டமே சில கடன்களை விடுவிப்பதில்லை. சர்க்காருக்குச் செலுத்த வேண்டியது, மோசடியால் ஏற்பட்ட கடன், மனைவி மக்களுக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் ஆகியவை விடுதலைக்குப் பிறகும் நிற்கும். அவருக்கு ஜாமீன் நின்றவரும் விடுபடமாட்டார். கடன் வாங்கியவர் வீட்டுக்குப் போய்விடுவார். சிநேகத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர் கட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சிநேகிதர் கட்டிய ஒவ்வொரு ரூபாயும் இவர் மீது புதிய பொறுப்பாகும் என்பதில் மார்க்கத்துக்கு ஐயமில்லை.

சரி, மற்றக் கடன்கள்? பழம் வாங்கிய வியாபாரத்தில் நஷ்டப்பட்ட ஒருவருக்காக நாயகம் (ஸல்) அவர்கள் மக்களிடம் தருமம் திரட்டினார்கள். அதுவும் கடனுக்குப் போதவில்லை. கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், இதற்கு மேல் உங்களுக்கு இல்லை என்று கடன்காரர்களிடம் கூறினார்கள் (முஸ்லிம்). இதைக் கொண்டு கடன் அத்தோடு அழிந்தது என்று முடிவு கட்டலாமா? பெரும்பாலான இமாம்கள் அவ்வாறு கொள்ளவில்லை. இப்போது அவரிடம் இல்லை, ஆகவே இப்போது நெருக்க உரிமையில்லை. வசதி வரும்போது மீதி அவர் பொறுப்பில் இருக்கிறது என்றே விளங்கினார்கள். திருமறையின் 2:280-ஆம் வசனம் இதற்குத் துணை நிற்கிறது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்பதும், தருமமாக விட்டுவிடுவது அதைவிட மேல் என்பதும் அதன் கருத்து. இதில் அவகாசம் ஓர் ஆணை. விட்டுவிடுவது கொடுத்தவரின் விருப்பம். அந்த விருப்பத்தை அவருக்குப் பதிலாக வேறொருவர் நிறைவேற்ற முடியாது. இதற்கு முந்தைய வசனம் வட்டியைத் தள்ளி அசலை மட்டுமே உரிமையாக்குகிறது என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே நாம் விளங்கிக்கொண்டது இது: கோர்ட்டு மூடுவது வசூலின் கதவை. கடனின் கதவைத் திறக்கவும் மூடவும் இரண்டு பேருக்குத்தான் முடியும். ஒருவர் கொடுத்துத் தீர்ப்பவர். மற்றவர் மனமொப்பி விட்டுவிடுபவர். புரோநோட்டுக் கடன் மூன்று வருஷத்தில் காலாவதியாகிறது என்கிறோமே, அங்கும் இதே நிலைதான். காலாவதியான கடனைத் தருவதாக ஒருவர் எழுத்தில் வாக்களித்தால் அது செல்லும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே கூறுகிறது. காலம் போனால் வழக்கு போகும். வாங்கியது வாங்கியதுதான் என்பதைச் சட்டமும் ஒரு மூலையில் ஒப்புக்கொள்கிறது.

நொடித்தவருக்கு ஒரு வார்த்தை

"அப்படியானால் விழுந்தவன் எழவே முடியாதா? சாகும்வரை சுமக்க வேண்டியதுதானா?" என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. இதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன் தொல்லையால் ஊரை விட்டு ஓடியவர்களையும், உயிரையே மாய்த்துக்கொண்டவர்களையும் நாம் கண்டிருக்கிறோம்.

எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அல்லாஹ் சுமத்துவதில்லை. திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு மக்களின் பொருளை வாங்கியவருக்காக அல்லாஹ்வே அதைத் தீர்த்துவைப்பான் என்று நபிமொழி ஆறுதல் தருகிறது. ஆகவே உண்மையில் நொடித்தவர், சட்டம் தரும் பாதுகாப்பை நாடுவதில் குற்றமில்லை. சொத்தை ஒளிக்காமல் முழுப் பட்டியல் கொடுத்து, நீதிமன்றத்தின் விடுதலையை அவர் பெற்றுக்கொள்ளட்டும். ஆனால் அதை முடிவாக அல்ல, அவகாசமாகப் பெற்றுக்கொள்ளட்டும். ஜப்தியும் சிறையும் இல்லாமல் மீண்டும் உழைப்பதற்குக் கிடைத்த அவகாசம் அது. பட்டியலை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். மக்களுக்குச் சொல்லி வைக்கட்டும். வாரிசுப் பங்குக்கு முன்னால் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது திருமறையின் கட்டளையல்லவா? மாதம் நூறு ரூபாயானாலும் ஒருவருக்கு அனுப்பட்டும். முடியாதவர் நேரில் போய், முடியவில்லை என்று சொல்லி, மன்னிக்கும்படி கேட்கட்டும். கேட்பதில் வெட்கம் உண்டுதான். அந்த வெட்கம் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஏனெனில் இன்னொரு திவாலைப் பற்றியும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். முஃப்லிஸ் யார் தெரியுமா என்று தோழர்களிடம் கேட்டார்கள். பணமும் பண்டமும் இல்லாதவர் என்று தோழர்கள் சொன்னார்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமைக்கு வந்து, பிறரைத் திட்டியதற்கும் பிறர் பொருளை உண்டதற்கும் ஈடாகத் தம் நன்மைகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்து, அதுவும் போதாமல் அவர்களுடைய பாவங்களைச் சுமப்பவரே என் சமுதாயத்தின் முஃப்லிஸ் என்ற கருத்தை விளக்கினார்கள் (முஸ்லிம்). அங்கே ரிசீவர் இல்லை. சமரச ஏற்பாடு இல்லை. விலக்கப்பட்ட சொத்தும் இல்லை.

நமக்கும் ஒரு பங்கு

கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டார்கள். பிறகே தொழுகை நடந்தது. பின்னாளில் வெற்றிகள் கிட்டிச் செல்வம் வந்தபோது, வகையின்றிக் கடனோடு இறப்பவரின் கடனைத் தாமே ஏற்பதாகப் பெருமானார் (ஸல்) அறிவித்தார்கள். ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் கடன்பட்டவர்களும் ஒரு வகையார் (9:60). நம் மஹல்லாக்களில் ஜகாத் பங்கிடும்போது அந்த வகையாரின் பெயர் எத்தனை பட்டியலில் இருக்கிறது? தோரணம் கட்ட வசூல் செய்கிறோம். நாணயமாகத் தொழில் செய்து விழுந்த ஒருவரைத் தூக்கிவிட நாம் கூடியதுண்டா?

ஏளனத்தையும் நிறுத்துவோம். கடனில் சொத்திழந்த முஆத் (ரலி) அவர்களைத்தான் யமன் நாட்டு மக்களுக்கு வழிகாட்டியாகப் பெருமானார் (ஸல்) அனுப்பிவைத்தார்கள். நொடித்துப் போவது குணக்கேடு அல்ல. மறைப்பதும் மறப்பதும்தான் குணக்கேடு.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரை மீண்டும் சந்தித்தோம். மேலே கூறியவற்றையெல்லாம் சொன்னோம். "அவர் மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டோம்.

"கொடுத்தா வாங்கிக்குவேன். கொடுக்க முடியலேன்னாலும் முதல்ல வந்து ஒரு ஸலாம் சொல்லட்டும் தம்பி. ரெண்டு வருஷமா என்னைக் கண்டா அடுத்த தெருவுல திரும்பிப் போறாரு. ஒருநாள் வந்து, 'முடியலே, மன்னிச்சிருங்க'ன்னு கேட்டா, நான் விட்டாலும் விட்டிருவேன். கேட்காம எப்படி விடுறது?" என்றார்.

கோர்ட்டின் உத்தரவு எவ்வளவு முறையாக எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தெருமுனையைத் தாண்ட அதற்கு முடியவில்லை. அதைத் தாண்ட வேண்டியவர் கடன்பட்டவரே. அவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்.

(இக்கட்டுரை சொற்களை விளக்க எழுதப்பட்டது. வழக்கு உள்ளவர்கள் தக்க வக்கீலையும், மார்க்கச் சிக்கல் உள்ளவர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிம்களையும் கலந்துகொள்வார்களாக.)

வாங்கியதைக் கொடுக்கும் வசதியையும், கொடுத்ததை விட்டுக்கொடுக்கும் மனத்தையும், கடனின் பாரத்திலிருந்து பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.